விக்டர் ஹாரா: பெயர் சொல்லிப் பாடியவர்

சிலி நாட்டுப் பாடகர் விக்டர் ஹாராவின் பெயர் நம் போராட்ட மேடைகளிலும் கல்லூரி வாசகர் வட்டங்களிலும் அவ்வப்போது எடுக்கப்படுகிறது. அப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. ராணுவத்தினர் அவருடைய கைகளை வெட்டியெறிந்தனர் என்றும், அந்நிலையிலும் அவர் பாடினார் என்றும், பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் சொல்கிறோம். கைகள் வெட்டப்பட்டன என்பது உண்மையன்று. அவருடைய கைகள் அடித்து நொறுக்கப்பட்டன. உடலில் 44 குண்டுகள் பாய்ந்திருந்தன. 2009ஆம் ஆண்டு அவருடைய எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டபோது, எலும்புகளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறிவுகள் காணப்பட்டன. நடந்ததே போதுமான அளவுக்குக் கொடியது. அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. ஹாராவின் கொலை வழக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது. யார் எங்கே நின்றார், எந்தப் படைப்பிரிவு எந்தக் கூடத்தில் இருந்தது, உடல் எந்த மதிலருகே கிடந்தது என்ற துல்லியமான விவரங்களின் மீதுதான் அவ்வழக்கு கடைசியில் நிலைகொண்டது. மிகைப்படுத்தப்பட்ட ஒரு வாக்கியம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை வன்கொடுமை வழக்குகளை நடத்தும் எவரும் அறிவர். அந்தக் கதைக்கு இன்னொரு கேடும் உண்டு. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை அது அவருடைய கடைசி ஐந்து நாட்களுக்குள் அடைத்துவிடுகிறது.

விக்டர் ஹாரா 1932 செப்டம்பர் 28 அன்று பிறந்தார். தலைநகர் சான்டியாகோவுக்குத் தென்மேற்கே உள்ள லோன்கேன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை மனுவேல் அங்கிருந்த பெரும்பண்ணை ஒன்றில் பண்ணையாள். அன்றைய சிலியில் இம்முறைக்கு இன்குலினாஹே என்று பெயர். பண்ணைக்குள்ளேயே ஒரு குடிசையும் பயிரிட்டுக்கொள்ளத் துண்டு நிலமும் கிடைக்கும். பதிலுக்குக் குடும்பம் முழுவதும் உடையாருக்கு உழைக்க வேண்டும். வேலையை விட்டால் குடிசையும் போய்விடும். பண்ணையடிமை முறையைப் பற்றித் தாத்தா பாட்டிகளிடம் கேட்டறிந்த நம் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எழுத்தறியாத தந்தை சின்னஞ்சிறு வயதிலேயே பிள்ளைகளை வயலில் இறக்கினார், குடித்தார், மனைவியை அடித்தார். உழைப்பாளிகளின் வாழ்வை வெறும் பெருமிதமாகப் பாடாத பாடகராக ஹாரா உருவானதற்கு இந்த வீடும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

தாய் அமாண்டா பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். நாட்டுப்புறப் பாடகியும் கூட. திருமணங்களுக்கும் இழவு வீடுகளுக்கும் கிதாரோடு சென்று பாடுவார். கைக்குழந்தைகள் அதிகமாக இறந்துகொண்டிருந்த அக்காலத்தில், இறந்த குழந்தையை அலங்கரித்து அமர்த்தி இரவு முழுவதும் பாடும் வழக்கம் சிலியின் ஊர்ப்புறங்களில் இருந்தது. அமாண்டா அந்த இரவுகளில் பாடியவர். விக்டர் கேட்டு வளர்ந்த முதல் இசை இதுதான். சாவு வீட்டில் பாடுவது, பறை இசைப்பது ஆகியவற்றைத் தாழ்வான தொழில் என்று சொல்லிச் சொல்லியே நம் கலைஞர்களை ஒதுக்கிய ஒரு சமூகத்திலிருந்து இதைப் படிக்கும்போது, ஒரு கண்டத்தின் புதிய இசையே அத்தகைய மடியிலிருந்துதான் எழுந்தது என்பதை நாம் கவனிக்கத் தவற முடியாது.

குடும்பம் சான்டியாகோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அமாண்டா சந்தையில் உணவுக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். விக்டர் பதின்ம வயதைக் கடக்கும் முன்னரே அவர் இறந்துபோனார். கணக்கெழுதும் படிப்பைக் கைவிட்டு, குருமாணவராகக் கிறித்தவ மடம் ஒன்றில் சேர்ந்தார் விக்டர். இரண்டாண்டுகளில் அதிலிருந்தும் வெளியேறினார். அடுத்து வந்தது கட்டாய ராணுவப் பணி. ஏழை வீட்டு இளைஞர்கள் சீருடையணிந்து அதிகாரிகளின் கட்டளைக்குக் காத்து நிற்கும் அந்த வரிசையில் அவரும் ஓராண்டு நின்றார். இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னாளில் அவருடைய வழக்கில் அதே வரிசையிலிருந்து சிலர் வருவார்கள்.

இசை மேதையாக அவர் திடீரென்று தோன்றிவிடவில்லை. சிலி பல்கலைக்கழகத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தார். ஊமைக்கூத்துக் குழு ஒன்றில் நடித்தார். 1956இல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் மாணவரானார். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் அவருடைய முதன்மைத் தொழில் நாடக இயக்கம்தான். நண்பர் அலெஹாந்த்ரோ சீவெகிங் எழுதிய நாடகங்களை இயக்கி லத்தீன் அமெரிக்க நாடுகளில் பயணம் செய்தார். சிலியின் முன்னணி இளம் இயக்குநர் என்று விமர்சகர்கள் அவரை மதித்தனர். அதே பள்ளியில் நடன அசைவுகள் கற்பித்த ஆங்கிலேயப் பெண் ஜோன் டர்னரை 1965இல் மணந்தார்.

இசைப் பக்கம் அவரை இழுத்தவர்களில் முதன்மையானவர் வியோலெத்தா பார்ரா. ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடமிருந்து பாடல்களைச் சேகரித்த பெண் அவர். வானொலியில் ஒலித்த நாட்டுப்புற இசையில் பண்ணை வீட்டின் அழகு இருந்தது, பண்ணையாள் இல்லை. பார்ரா அந்தப் போலித்தனத்தை உடைத்தார். 1957இல் அவரைச் சந்தித்த ஹாரா, அதே ஆண்டு குன்குமேன் என்ற நாட்டுப்புறக் கலைக் குழுவில் சேர்ந்து, விடுமுறைகளில் கிராமங்களுக்குச் சென்று பாடல்களைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார். 1965இல் பார்ராவின் பிள்ளைகள் இசபெல், ஆங்கெல் இருவரும் சான்டியாகோவின் கார்மென் தெருவில் பெஞ்ஞா என்ற பாட்டுக் கூடத்தைத் திறந்தனர். பழைய வீடு, மெழுகுவத்தி வெளிச்சம், திராட்சை மது. அங்கே வாராவாரம் பாடியவர்களிலிருந்துதான் புதிய சிலிப் பாடல் இயக்கம் உருவாயிற்று.

1966இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதே காலத்தில் அவர் பாடிய, பாதிரியார்மீது காதல் கொண்ட பக்தை ஒருத்தியைப் பற்றிய பழைய கிராமியக் கேலிப்பாட்டு ஒன்றை வானொலிகள் ஒலிபரப்பத் தடை விதிக்கப்பட்டது. ஊர்மக்கள் காலங்காலமாகப் பாடிச் சிரித்த பாட்டு, ஒரு பண்ணையாள் மகன் தலைநகரில் பாடியதும் ஒழுக்கக்கேடாகிவிட்டது.

1967இல் சிலியில் நிலச் சீர்திருத்தச் சட்டமும் விவசாயத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் தாளில் இருந்தது; நிலம் உடையாரிடம் இருந்தது. நகரங்களிலோ வீடற்ற குடும்பங்கள் காலியிடங்களில் குடியேறின. தெற்கே புவேர்த்தோ மோந்த் நகரில் ஏறத்தாழ 90 குடும்பங்கள் அவ்வாறு ஒரு வெற்று நிலத்தில் குடிசை போட்டன. 1969 மார்ச் 9 அதிகாலையில் ஆயுதமேந்திய காவல் படை அக்குடிசைகளுக்குள் புகுந்து சுட்டது. கைக்குழந்தை உட்படப் பத்துக்கும் குறையாதோர் மாண்டனர்.

ஹாரா உடனே ஒரு பாடல் எழுதினார். புவேர்த்தோ மோந்த் பற்றிய கேள்விகள் என்று அதற்குப் பெயர். அப்பாடலின் புதுமை அதன் மெட்டில் இல்லை. அன்றைய உள்துறை அமைச்சர் எத்முண்டோ பெரேஸ் சூஹோவிச்சின் பெயரை அது நேரடியாகச் சொன்னது. நிராயுதபாணிகளின் குடிசைகள்மீது துப்பாக்கிகளைத் திருப்பியதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்றது. அரச வன்முறையைக் குறித்த செய்திகளில் எப்போதும் செயப்பாட்டு வினைதான் ஆட்சி செய்யும். துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிரிழப்பு ஏற்பட்டது. யார் நடத்தினார், யார் ஆணையிட்டார் என்பது வாக்கியத்திலிருந்தே நழுவிவிடும். முதல் தகவல் அறிக்கையில் குற்றவாளியின் பெயரைச் சேர்ப்பதற்காகக் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு பணியாற்றும் நமக்கு, ஒரு பாடகர் அந்த வெற்றிடத்தை நிரப்பியது எவ்வளவு பெரிய செயல் என்பது புரியும். விளைவையும் அவர் உடனே சந்தித்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் அவர் இப்பாடலைப் பாடியபோது கற்கள் வீசப்பட்டன. அமைச்சரின் மகன் அப்பள்ளி மாணவர்களில் ஒருவர்.

அதே ஆண்டு ஜூலையில் புதிய சிலிப் பாடலின் முதல் விழா நடந்தது. கிலாபாயுன் குழுவோடு சேர்ந்து ஹாரா பாடிய, உழவனை நோக்கிய வேண்டுதல் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. கிறித்தவ மன்றாட்டின் வடிவத்தை எடுத்து, அதை விண்ணை நோக்கிச் செலுத்தாமல் மண்ணில் நிற்கும் உழவனை நோக்கிச் செலுத்திய பாடல் அது. குருமாணவராகக் கழித்த இரண்டாண்டுகள் வீண்போகவில்லை. அமாண்டாவை நினைவுகூரும் பாடல் வேறு வகை. தொழிற்சாலையில் கிடைக்கும் சொற்ப நேர இடைவேளையில் காதலனைக் காண ஓடும் ஒரு பெண்ணைப் பற்றியது. பெண்ணுக்குத் தாயின் பெயர். காதலனுக்குத் தந்தையின் பெயர். தன் வீட்டில் ஒருபோதும் காணாத மென்மையை அவ்விரு பெயர்களுக்கும் அவர் பாட்டில் அளித்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. அவருடைய பாடல்களில் உலகெங்கும் அதிகமாகப் பாடப்படுவது இதுவே.

1970 தேர்தலில் சல்வதோர் அயெந்தேயின் மக்கள் ஒற்றுமைக் கூட்டணிக்காக அவர் நாடு முழுவதும் பாடினார். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரான அவர் அதை மறைத்ததில்லை. அயெந்தே வென்றபின் பாட்டு அரசின் துதியாக மாறிவிடும் இடர் இருந்தது. அந்த மூன்றாண்டுகளில் எழுந்த சில பாடல்கள் பிரசாரத்தின் தேவைக்கு எழுதப்பட்டவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1972இல் வந்த குடியிருப்பு என்ற இசைத்தட்டு அவருடைய ஆகச் சிறந்த பணி என்பது நம் மதிப்பீடு. 1967 மார்ச்சில் சான்டியாகோவின் விளிம்பில் நிலமற்ற குடும்பங்கள் இடம்பிடித்து உருவாக்கிய எர்மிண்டா தெ லா விக்தோரியா என்ற குடியிருப்பின் வரலாறு அது. அக்குடியேற்றத்தின்போது உயிரிழந்த எர்மிண்டா என்ற பெண்குழந்தையின் பெயரைத்தான் மக்கள் தங்கள் ஊருக்கு வைத்தனர். ஹாரா அங்கே சென்று, அம்மக்களோடு பழகி, அவர்களுடைய பேச்சை ஒலிப்பதிவு செய்தார். அக்குரல்கள் இசைத்தட்டில் பாடல்களுக்கிடையே அப்படியே ஒலிக்கின்றன. ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பிறர் பாடுவதில் உள்ள சிக்கலை நாம் அறிவோம். பாட்டின் நடுவே தான் விலகி, அவர்களையே பேசவிட்டார் என்பதுதான் இந்த இசைத்தட்டை இன்றும் கேட்கத்தக்கதாக வைத்திருக்கிறது.

அப்போது அவர் அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே உள்நாட்டுப் போரின் கேடுகளைக் குறித்த கண்காட்சியை அயெந்தே திறந்துவைப்பதாகவும் ஹாரா பாடுவதாகவும் இருந்தது. விடியலில் கடற்படை கலகம் செய்தது. நண்பகலில் அதிபர் மாளிகைமீது குண்டு வீசப்பட்டது. அயெந்தே உயிரிழந்தார். ஹாரா வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் தொழிலாளர்கள் தத்தம் பணியிடத்தில் இருக்கும்படி தொழிற்சங்க மையம் விடுத்த அழைப்பை ஏற்று, பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இரவு முழுவதும் முற்றுகை. மறுநாள் காலை மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக அனைவரையும் சிலி விளையாட்டரங்கம் என்ற உள்ளரங்குக்குக் கொண்டுசென்றனர். ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கப்பட்டனர். பல முறை அவர் பாடிய மேடை அது.

நுழைவாயிலிலேயே அதிகாரி ஒருவர் அவரை அடையாளம் கண்டு, வரிசையிலிருந்து பிரித்தெடுத்து அடித்தார். அடுத்த நாட்களில் சித்திரவதை தொடர்ந்தது. இடையே கிடைத்த தாளில் ஹாரா தன் கடைசிக் கவிதையை எழுதினார். உடனிருந்த கைதிகள் அதைப் படியெடுத்து மறைத்து வெளியே கொண்டுவந்தனர். மற்றவர்கள் தேசிய விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டபோது, ஹாராவும் சிறைத்துறைத் தலைவராக இருந்த லித்ரே கிரோகாவும் நிறுத்திவைக்கப்பட்டனர். செப்டம்பர் 16 அன்று கல்லறைத் தோட்டம் ஒன்றின் மதிலருகே இருவர் உடல்களும் கிடந்தன.

பிணவறைக்கு வந்த உடல்களுள் ஒன்றைப் பார்த்து இது விக்டர் ஹாரா என்று அடையாளம் கண்டவர், அங்கே கட்டாயப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்த குடிமைப் பதிவு அலுவலகத்தின் இளம் ஊழியர் ஒருவர். அவர் பதிவேட்டில் சரிபார்த்தார். ஜோனின் முகவரியைத் தேடிப் போனார். ஆபத்தைப் பொருட்படுத்தாமல் அவரைப் பிணவறைக்கு அழைத்துவந்தார். செப்டம்பர் 18 அன்று யாருமறியாமல் பொதுக் கல்லறையில் அடக்கம் நடந்தது. அந்த ஊழியர் வாய்மூடி இருந்திருந்தால் சிலியின் காணாமற்போனோர் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும். உடல் இராது, காயங்களுக்குச் சான்று இராது, பிற்காலத்தில் வழக்கும் இராது.

ஜோன் இரு மகள்களோடு லண்டன் சென்றார். கணவரின் ஒலிப்பதிவுகள் அவரோடு நாட்டைவிட்டு வெளியேறின. 1978 ஏப்ரலில் பினோசெட் அரசு, ஆட்சிக்கவிழ்ப்பு நாள் முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் ஆணையைப் பிறப்பித்தது. அதே ஆண்டு ஜோன் சிலி நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். எதுவும் நடக்கவில்லை. சர்வாதிகாரம் 1990இல் முடிந்த பின்னும் பொதுமன்னிப்பு நீங்கவில்லை. 1999இல் மீண்டும் புகார். மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்களை அந்த ஆணை காக்க முடியாது என்று 2006இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் வேறொரு சிலி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் 2008இல் விசாரணை நீதிபதி, அரங்கின் பொறுப்பதிகாரியாக இருந்தவர் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கிக் கோப்பை மூடினார். குடும்பத்தின் வழக்கறிஞர்கள் புதிய சான்றுகளைக் கொடுத்துத் திறக்கவைத்தனர்.

2009இல் கைது செய்யப்பட்டவர் யார் தெரியுமா? பதினெட்டு வயதில் கட்டாயப் பணியில் அரங்கில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு முன்னாள் சிப்பாய். வாக்குமூலம் அளித்தார்; பின்னர் மறுத்தார். வழக்கு மேலே ஏறாமல் கீழ்ப்படியிலேயே நின்றுவிடும் அபாயம் இருந்தது. ஆனால் பிற கட்டாயச் சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினர். அவர்களிற் பலர் பெத்ரோ பாரியெந்தோஸ் என்ற துணைநிலை அதிகாரியின் பெயரைச் சொன்னார்கள். 2012 டிசம்பரில் நீதிபதி மிகேல் வாஸ்கெஸ் எட்டு முன்னாள் ராணுவத்தினரைக் கைது செய்ய ஆணையிட்டார். பாரியெந்தோஸ் அப்போது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அந்நாட்டுக் குடிமகனாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

சிலி கேட்டும் அவர் ஒப்படைக்கப்படாத நிலையில், ஜோனும் மகள்களும் 2013இல் ஃபுளோரிடாவிலேயே குடிமையியல் வழக்குத் தொடுத்தனர். சித்திரவதைக்கு உள்ளானோரைக் காக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டில் நடந்த சித்திரவதைக்கும் சட்டத்துக்குப் புறம்பான கொலைக்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க இடமளிக்கிறது. 2016 ஜூன் 27 அன்று ஓர்லாண்டோ நகர நடுவர் குழு பாரியெந்தோஸைப் பொறுப்பாளி என்று கண்டு 2 கோடியே 80 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அவர் சிறைக்குச் செல்லவில்லை. பணமும் குடும்பத்தின் நோக்கமாக இருக்கவில்லை. அந்தத் தீர்ப்பின் பயன், முன்னாள் சிப்பாய்களின் சாட்சியம் குறுக்கு விசாரணையைத் தாங்கி முதன்முதலாக ஒரு நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டதே.

சிலியில் 2018இல் தண்டனை வந்தது. மேல்முறையீடுகளின் முடிவில் 2023 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு முன்னாள் ராணுவ அதிகாரிகளின் தண்டனையை உறுதி செய்தது. கடத்தலுக்கும் கொலைக்குமாக ஆறு பேருக்கு 25 ஆண்டுகள். குற்றத்தை மறைத்தவருக்கு எட்டு ஆண்டுகள். தண்டிக்கப்பட்டவர்கள் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் எர்னான் சாகோன், 86 வயது, மறுநாள் காவல்துறை அழைத்துச்செல்ல வந்தபோது தற்கொலை செய்துகொண்டார். பதவியிலும் ஓய்விலும் வாழ்நாள் முழுவதையும் அவர்கள் கழித்து முடித்திருந்தனர். தாமதமான இந்நீதியைக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் தீர்ப்பில் அவர்களுடைய பெயர்கள் உள்ளன, பதவிகள் உள்ளன, யார் என்ன செய்தார் என்பது செய்வினையில் எழுதப்பட்டுள்ளது.

இடையில் பாடல்கள் தம் வழியே போயின. 2003இல் அந்த உள்ளரங்குக்கு விக்டர் ஹாராவின் பெயர் சூட்டப்பட்டது. 2009 டிசம்பரில், எச்சங்களின் ஆய்வு முடிந்தபின், 1973இல் மறுக்கப்பட்ட இறுதி ஊர்வலம் ஆயிரக்கணக்கானோருடன் சான்டியாகோ தெருக்களில் நடந்தது. 2019 அக்டோபரில் மாணவர்கள் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவி, ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, ராணுவம் மீண்டும் தெருவுக்கு வந்தபோது, வியட்நாம் மக்களுக்காக 1971இல் ஹாரா பாடிய அமைதியாக வாழும் உரிமை என்ற பாடலைக் கூட்டம் கூட்டமாக மக்கள் கிதார்களோடு பாடினர். பாடியவர்களில் பெரும்பாலோர் அவர் கொல்லப்பட்டபோது பிறந்திராதவர்கள்.

2023 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம், ராணுவப் பணியை மறைத்துக் குடியுரிமை பெற்றதற்காகப் பாரியெந்தோஸின் குடியுரிமையை நீக்கியது. அக்டோபரில் அவர் கைது செய்யப்பட்டார். நவம்பர் 12 அன்று ஜோன் ஹாரா தம் 96ஆம் வயதில் சான்டியாகோவில் காலமானார். டிசம்பர் 1 அன்று பாரியெந்தோஸ் விமானத்தில் சிலிக்கு அனுப்பப்பட்டு, விமான நிலையத்தில் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்.